ஐந்தரை மணி நேரம்

போன வருஷம் ஒரு கட்சிக்காரர் என் வக்கீல் ஆபீஸுக்கு வந்தார். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிற பையன். கையில் போலீஸ் நோட்டீஸ். ஒரு கல்லூரி மாணவியின் படங்களை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி அசிங்கமாகப் பதிவு போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு இயங்கிய ஐபி முகவரி, அதாவது நெட் இணைப்புக்குத் தரப்படும் எண், இந்தப் பையன் வீட்டு இணைப்புக்கு உரியது என்று நெட் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. பையன் அழுதுவிட்டான். கூட வந்த அவன் அம்மா, "வக்கீல் சார், இவனுக்கு அந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவணங்களை வாங்கிப் பார்க்கவே சில வாரம் ஆனது. அந்தப் போலிக் கணக்கு இருந்த தளத்தை நடத்தும் அமெரிக்க நிறுவனம் அனுப்பிய லாக், அதாவது கணக்கு எப்போது எந்த ஐபியில் இயங்கியது என்ற பதிவு, ஒரே ஒரு பக்கம்தான். தேதி, ஐபி முகவரி, பக்கத்தில் 10:12:40, அதற்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில் யுடிசி. அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மதியம் 3:42. ஆனால் காவல் நிலையத்திலிருந்து நெட் கம்பெனிக்குப் போன கடிதம் "காலை 10:12 மணிக்கு இந்த ஐபி யாரிடம் இருந்தது" என்று கேட்டிருக்கிறது. காலையில் அது இந்தப் பையன் வீட்டில் இருந்தது. மதியம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. வீட்டு இணைப்புகளில் ஐபி இப்படிக் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் பையன் தப்பித்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான்கு மாதம் போய்விட்டது. அதற்குள் போலிக் கணக்கை உருவாக்கியவன் அதை அழித்துவிட்டான். கணக்கில் உள்ளதை அழியாமல் வைத்திருங்கள் என்று அந்த நிறுவனத்துக்கு ஒரு கோரிக்கை போயிருந்தால் அமெரிக்கச் சட்டப்படி 90 நாள் பாதுகாத்து வைத்திருப்பார்கள், கேட்டால் இன்னொரு 90 நாளும் வைத்திருப்பார்கள். அந்தக் கோரிக்கை போகவே இல்லை.

அந்த எஸ்.ஐ. மோசமானவர் இல்லை. நேரில் பேசினேன். இரவு பகலாக உழைக்கிற மனிதர். யுடிசி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கொடுத்த காகிதத்தைப் பார்த்த அரசு வழக்கறிஞருக்கும் தெரியவில்லை, அதை வாங்கிவைத்த நீதிமன்றத்துக்கும் தெரியவில்லை. முதல் தடவை படித்தபோது நானும்தான் கவனிக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து டிஜிட்டல் சாட்சியம் பெறுவது பற்றிப் பேசினாலே எல்லோரும் ஒப்பந்தம், போர்ட்டல், சர்வர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவையும் தேவைதான். ஆனால் கோரிக்கையை எழுதுகிறவரும், வருகிற பதிலை வாசிக்கிறவரும் பழகியிருக்காவிட்டால் அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நம் மாவட்ட நீதிமன்றங்களில் இன்று அவசரமாகச் செய்ய வேண்டியது இந்தப் பயிற்சியைத்தான்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது, எந்த ஐபியில் இயங்கியது போன்ற அடிப்படை விவரங்களை அமெரிக்க நிறுவனங்கள் நம் போலீஸ் நேரடியாகக் கேட்டாலே தருவதுண்டு. உள்ளே இருக்கும் செய்தி, படம், மின்னஞ்சல் வேண்டுமென்றால் விஷயம் வேறு. 1986-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி அங்குள்ள நீதிபதி வாரண்ட் தர வேண்டும். அதற்கு நாம் 2001-ல் கையெழுத்தாகி 2005-ல் அமலுக்கு வந்த இந்திய அமெரிக்கப் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியாகப் போகிறோம். இல்லையென்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 112-ஆவது பிரிவின்படி நம் நீதிமன்றமே கோரிக்கைக் கடிதம் எழுதுகிறது. பழைய 166ஏ என்றால் வக்கீல் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும். எப்படிப் போனாலும் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளிநாடுகளிலிருந்து வரும் இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்குப் பதில் போக சராசரியாக 10 மாதம் ஆகிறது என்று அமெரிக்க அதிபர் அமைத்த ஆய்வுக் குழுவே 2013-ல் சொன்னது.

அந்தப் பத்து மாதமும் வீணாகப் போவது எப்போது தெரியுமா? கோரிக்கையில் "மேற்படி கணக்கின் அனைத்து விவரங்களையும் தந்துதவுமாறு" என்று எழுதும்போது. அந்த அமெரிக்க நீதிபதிக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். என்ன குற்றம், அதற்கான ஆதாரம் இந்தக் கணக்கில் இருக்கும் என்று நம்ப என்ன காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. நம் ஊர் எஃப்.ஐ.ஆர். தமிழ் உங்களுக்குத் தெரியும். "மேற்படி எதிரி மேற்படி நபரை மேற்படி இடத்தில்..." இதை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினால் படிக்கிறவருக்கு யார் யாரை என்ன செய்தார் என்றே தெரியாது. திருப்பி அனுப்பத்தான் செய்வார்.

ஐரோப்பாவில் எப்படி என்று பாருங்கள். டென்மார்க், அயர்லாந்து தவிர மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 மே முதல், ஒரு நாடு இன்னொரு நாட்டிலிருந்து சாட்சியம் கேட்டுப் பெற, ஐரோப்பிய விசாரணை ஆணை என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே படிவம். கிடைத்த 30 நாளுக்குள் ஏற்கிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், அடுத்த 90 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். அந்தப் படிவத்தைப் பாதுகாப்பாக அனுப்பவும் சாட்சியத்தைத் திரும்பப் பெறவும் தனி டிஜிட்டல் அமைப்பும் ஐரோப்பிய ஆணையம் உருவாக்கியிருக்கிறது. வேறொரு உறுப்பு நாட்டில் இருக்கும் நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டு 10 நாளில், அவசரமென்றால் 8 மணி நேரத்தில் தரவைப் பெறுவதற்கு 2023-ல் ஒரு சட்டம் இயற்றி, 2026 ஆகஸ்ட் 18 என்று நாளும் குறித்தார்கள். இவ்வளவும் இருந்தும், நீதிபதிகளையும் அரசு வழக்கறிஞர்களையும் உட்கார வைத்து அந்தப் படிவத்தை நிரப்பப் பழக்குவதற்கென்றே அங்கே தனித் திட்டங்கள் போடுகிறார்கள். படிவம் மட்டும் போதாது என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நம்மிடமும் இடம் இருக்கிறது. தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகம் சென்னையில் இருக்கிறது, கோவையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் இருக்கின்றன. நான் கேட்பது ஒன்றுதான். நீதித்துறை நடுவருக்கு ஒரு இடத்தில், எஸ்.ஐ.க்கு வேறு இடத்தில், அரசு உதவி வழக்கறிஞரான ஏ.பி.பி.க்கு இன்னொரு இடத்தில் என்று தனித்தனியாக வகுப்பு எடுக்காதீர்கள். மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். ஒரு கற்பனை வழக்கைக் கையில் கொடுங்கள். எஸ்.ஐ. கோரிக்கையை எழுதட்டும், ஏ.பி.பி. திருத்தட்டும், நடுவர் அதை அமெரிக்க நீதிபதியின் இடத்திலிருந்து படித்துப் பார்க்கட்டும். அப்புறம் ஒரு மாதிரி பதிலைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். யுடிசியை மாற்றத் தெரிகிறதா? ஒரே ஐபியை நூறு பேர் பகிர்ந்துகொள்ளும் மொபைல் நெட்டில், ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண் இல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது என்பது தெரிகிறதா? இதெல்லாம் தமிழிலேயே நடக்க வேண்டும். புரியாததை எழுந்து கேட்க மொழி தடையாக இருக்கக் கூடாது.

நீதிமன்றத்தில் ஆவணங்களை வாங்கிவைக்கும் பெஞ்ச் கிளார்க்கையும் கூப்பிடுங்கள். ஒரு வழக்கில் பென் டிரைவ் ஒன்று காக்கி உறையில், அரக்கு சீல் வைத்து, நூலால் நான்கு சுற்று கட்டி வந்தது. சீல் அவ்வளவு அழகு. ஆனால் ஹாஷ் மதிப்பு, அதாவது ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் குறியீடு, எங்கேயும் குறிக்கவில்லை. புதிய சாட்சியச் சட்டம் 63(4)-ன் கீழ் தரும் சான்றிதழில் அது இருந்தாக வேண்டும் என்று 2024 ஜூலை முதல் சட்டமே சொல்கிறது. உள்ளே இருக்கும் ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். டிஜிட்டல் சாட்சியத்துக்கு அதுதான் சீல். அரக்கு உறையை மட்டும்தான் காக்கும்.

எதிர்தரப்பு வக்கீல்களான எங்களையும் விட்டுவிடாதீர்கள். என்கிரோசாட் என்ற ரகசியச் செய்தி சேவையை ஃபிரெஞ்சுப் போலீஸ் ஊடுருவி எடுத்த தரவு ஜெர்மன் வழக்குகளுக்குப் போனபோது, 2024 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. தீர்ப்பையே தீர்மானிக்கும் அளவுக்குக் கனமான ஒரு சாட்சியத்தின் மீது கருத்துச் சொல்ல குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்மையான வாய்ப்பு இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று. சரி, வாய்ப்புக் கொடுத்தாலும் லாகை வாசிக்கத் தெரியாத வக்கீல் என்ன கருத்துச் சொல்வார்? என் கட்சிக்காரப் பையனுக்கு நான் அந்த யுடிசியைக் கவனித்தது இரண்டாவது வாசிப்பில். முதல் வாசிப்போடு விட்டிருந்தால் அவன் கதி என்ன?

2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை சைபர் குற்ற ஒப்பந்தத்தை ஏற்றது. இலங்கை 2015-லேயே சைபர் குற்றம் பற்றிய இன்னொரு சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. வழிகள் திறந்துகொண்டே போகின்றன. அந்த வழியில் அனுப்ப ஒரு ஒழுங்கான கோரிக்கை எழுதத் தெரிந்தவர்கள் நம் தாலுகா நீதிமன்றங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நீதித்துறை நண்பர்களும் காவல்துறை நண்பர்களும் சிலர் இதைப் படிப்பீர்கள். எந்தச் சனிக்கிழமை, எந்த ஊர் என்று சொல்லுங்கள், என் செலவில் வருகிறேன். பெயர், எண் எல்லாம் மறைத்த அந்த ஒரு பக்க லாக் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.