மருத்துவமனைப் படிவத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் காலமான பிறகு வீட்டுக்கு வந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, “தீயோடு போராடிய மாவீரர்.” மற்றொன்று, “குடும்பத்துக்காகவே வாழ்ந்த நல்ல மனிதர்.” இரண்டும் அன்பில் எழுதியவை, எழுதியவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க, யாரோ இரண்டு வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. நிலையத்தில் ஒருவர், வீட்டில் ஒருவர். நான் பார்த்த மாமா ஒரே ஆள்தான். அந்த வேலை தினமும் அவரோடு வீட்டுக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. கடைசியில் மருத்துவமனைக்கும் கூடவே வந்தது, அங்கே யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மருமகளாக வந்தபோது மாமாவுக்குப் பணிக்காலம் இன்னும் சில ஆண்டுகள் மிச்சமிருந்தது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்ப்பார். பிறகு அதன் அருகில்தான் உட்காருவார். செருப்பைக் கழற்றினால் அதன் முனை வெளியே பார்த்திருக்கும், நேராகக் காலை நுழைத்து ஓடுவதற்கு வசதியாக. இரவில் எல்லோரும் படுத்த பிறகு படுக்கையறைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வருவார். காற்று வேண்டுமே மாமா என்றால், “ஜன்னலைத் திறந்துகொள் அம்மா, கதவைச் சாத்து” என்பார். தீ வருவதற்கு முன்னால் புகை வந்துவிடும், சாத்திய கதவு அதைச் சில நிமிடங்களாவது நிறுத்திவைக்கும், அந்தச் சில நிமிடங்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்று விளக்குவார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் அந்த ‘எங்களுக்கு’ மாறவே இல்லை.

புகையைப் பற்றி மட்டும் அவர் நிறையப் பேசுவார். எரிகிற வீட்டில் இறந்துபோகிறவர்களில் பலரைத் தீ தொட்டே இருக்காது. கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. நுரை மெத்தையும் சோபாவும் எரிந்தால் அதோடு ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்துகொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இதையெல்லாம் பேரக்குழந்தைகளிடம் அவர் பாடமாகச் சொன்னதில்லை, விளையாட்டாக ஆக்கிவிட்டார். விளக்குகளை அணைத்துவிடுவார். பிள்ளைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வயிறு தரையில் உரச, ஒரு கையைச் சுவரில் வைத்தபடி கடைசி அறையிலிருந்து வாசல்வரை தவழ்ந்து வர வேண்டும். வழியில் நாற்காலியைக் குறுக்கே போட்டு வைப்பார். நாற்காலியைச் சுற்றிப் போகலாம், ஆனால் சுவரிலிருந்து கை எடுக்கக் கூடாது; எடுத்தால் ஆட்டம் அவுட். மூடிய கதவு வந்தால் புறங்கையால் கீழிருந்து மேலாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். “ஏன் தாத்தா புறங்கை?” என்று சின்னவள் கேட்டாள். “உள்ளங்கை சுட்டுக்கொண்டால் எதைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாய்?” என்றார். புகை மூடிய அறையில் வீரர்கள் ஆளைத் தேடும் முறையே அதுதான் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தீரக் கதைகளை அவர் சொன்னதே கிடையாது. கேட்டால், லிஃப்டில் சிக்கிக்கொண்டும் வெளியே வர மறுத்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார்.

பேரனுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவதும் அவர்தான். கயிற்றில் ஆளைக் கட்டி இறக்கிய கை. அவர் போட்ட முடிச்சு மாலைவரை அசையாது. ஒருநாள் அவிழ்க்கவே முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினோம்.

‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்ற வாக்கியத்தை அத்தை படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சார்பில் நான் சொல்கிறேன்: பணியில் இருந்த காலம் முழுக்க இந்தக் குடும்பம்தான் அவருடைய வேலைக்காக வாழ்ந்தது. ஊரே விடுமுறையில் இருக்கும் நாளில் அவருக்குக் கட்டாயப் பணி. தலைப்பிள்ளை பிறந்த இரவிலும் அவர் நிலையத்தில்தான் இருந்தார். சைரன் சத்தம் கேட்டால் அத்தை செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். மாமா வீட்டில் இருக்கும் நாளிலும் நிறுத்துவார். ஆனால் மாமாவும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். இரவுப் பணி முடிந்து காலையில் வந்தால் படுக்க மாட்டார். கண் சிவந்து, முகம் வீங்கி, வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்த பிறகுதான் தூக்கம். “நான் கண்ணைத் திறந்து பார்த்த அப்பாவெல்லாம் தூங்காத அப்பாதான்” என்று என் கணவர் சொல்வார். பாசம் என்று இதைச் சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். வீரத்தைப் பற்றி மட்டும் எழுதும்போது இந்தத் தூக்கமின்மை எங்கும் வருவதில்லை.

வேலையின் விலை தீக்காயம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 39 சதவீத இறப்புகளுக்குக் காரணம் இதயநோய். அந்த இதய மரணங்களில் 32 சதவீதம் தீயை அணைக்கும்போது நேர்ந்தவை. அவர்களுடைய மொத்தப் பணி நேரத்தில் தீயணைப்பதற்குச் செலவாவதோ 1 முதல் 5 சதவீதம்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு எண்: அந்த இதய மரணங்களில் 17 சதவீதம், அழைப்பு முடிந்து திரும்பும்போதோ அதற்குப் பின் சில மணி நேரத்திலோ நேர்ந்தவை. வேலையை முடித்த பிறகு.

மாமாவின் இதயம் கடைசிவரை நன்றாகவே இருந்தது. அவரைச் சாய்த்தது வேறு.

பெரிய தீ ஒன்றுக்குப் போய்வந்தால் சீருடையை வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார். வெளியிலேயே கழற்றித் தனி வாளியில் ஊறப்போட்டுத் தானே துவைப்பார். அத்தையைத் தொடவிட மாட்டார். நாற்றம் குழந்தைகளுக்கு ஆகாது என்பதுதான் அவர் அறிந்த காரணம். அந்தக் காலத்தில் பல நிலையங்களில் கரி படிந்த சீருடைக்கு ஒரு மரியாதை உண்டு. எவ்வளவு கறுப்போ அவ்வளவு அனுபவம். அந்தக் கரியில் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருட்கள் இருக்கின்றன, மூச்சில் மட்டுமல்ல, வியர்த்துச் சூடேறிய தோல் வழியாகவும் உடலுக்குள் போகின்றன என்பதெல்லாம் பின்னால் நிறுவப்பட்டவை. பி.ஏ. செட் என்று அவர்கள் சொல்லும் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டுதான் தீக்குள் போவார்கள். ஆனால் தீ அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு, புகைந்துகொண்டிருக்கும் குவியலை மணிக்கணக்கில் கிளறுவார்கள். ஆபத்து முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரம் அது.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பிரிவு அது. புகையிலையும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) அதில்தான் இருக்கின்றன. (ஒரே பிரிவு என்றால் ஒரே அளவு ஆபத்து என்று பொருளில்லை, சான்று அந்த அளவுக்கு உறுதி என்று பொருள்.) போதிய சான்று உள்ளதாக அந்த முகமை சொன்ன புற்றுநோய்கள் இரண்டு: நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்.

மாமாவுக்கு வந்தது இரண்டாவது. வலி இல்லை. சிறுநீரில் ரத்தம் கொஞ்சம் கலந்து வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. வயதானால் இப்படித்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஆபத்தை முன்கூட்டியே பார்த்துச் சொன்ன மனிதர்! கடைசியில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது படிவம் கொடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில் அவர் கைப்பட ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதினார். மருத்துவர் புகைபிடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை. இதுவரை பிடித்ததே இல்லையா? இல்லை. அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. வாழ்நாளில் பாதியைப் புகைக்குள் கழித்த மனிதரிடம் கேட்ட கேள்வி அது, அவரும் நேர்மையாகப் பதில் சொன்னார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவருக்கு நோய் வந்தது அந்தப் புகையால்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு தனி மனிதருக்கு எது காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது: நிரூபிக்க முடியாத சுமையைக் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டால், கணக்கு அங்கேயே முடிந்துவிடும். கனடாவின் மானிடோபா மாகாணம் 2002இல் இதைத் திருப்பிப் போட்டது. குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் தீயணைப்பு வீரருக்கு வந்தால், அது பணியால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பின்னர் வேறு பல இடங்களிலும் அத்தகைய சட்டங்கள் வந்தன. எல்லா இடத்திலும் வர வேண்டும் என்பது என் கட்சி.

நினைவு நாட்களுக்குக் குறைவில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டதை ஒட்டி இந்தியாவில் ஒரு நாள். 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லிண்டன் காட்டுத்தீயில் ஐந்து தன்னார்வலர்கள் இறந்ததிலிருந்து பிறந்த மே 4, உலகம் முழுவதற்கும் ஒரு நாள். இரண்டும் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் இரண்டுமே களத்தில் விழுந்தவர்களிடமிருந்து பிறந்தவை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, பேரனுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்து, கட்டிலில் மெல்லச் செத்தவரை அந்தப் பெயர்ப் பட்டியல்களில் தேடினால் அநேகமாகக் கிடைக்க மாட்டார். ‘மாவீரர்’ என்று எழுதுவதற்குச் செலவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு செவிப் பரிசோதனை என்றால் உடனே நிதி இல்லை என்பார்கள். செவியைச் சொல்லக் காரணம் உண்டு: சைரனும் பம்பும் சேர்ந்து மாமாவின் காதில் உச்ச ஒலிகளைத் தின்றுவிட்டிருந்தன. ஆண் குரல் கேட்கும், பேத்தியின் மெல்லிய குரல் கேட்காது. தாத்தா என்னை மட்டும் கவனிப்பதில்லை என்று அவள் கொஞ்சநாள் கோபித்துக்கொண்டு திரிந்தாள்.

உங்கள் வீட்டில் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் யாராவது இருந்தால், அடுத்த முறை படிவத்தை நீங்கள் வாங்கி நிரப்புங்கள். ‘தீயணைப்பு வீரர், இத்தனை ஆண்டு பணி’ என்று எழுதுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் வாயால் சொல்லுங்கள். சிறுநீரில் ஒரே ஒருமுறை ரத்தம் வந்து நின்றுபோயிருந்தாலும் காட்டுங்கள்.

துக்கம் விசாரிக்க வந்த மாமாவின் பழைய சகா ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவரும் இடிபாட்டைக் கிளறும்போது முகமூடி போட்டதில்லையாம். “எங்களுக்கு இருமல் வந்தால்கூட அது பணியில் வந்த இருமல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம் அம்மா” என்றார். அதையே மருத்துவரிடமும் பெருமையாகச் சொல்லுங்கள் ஐயா என்றேன். போயிருக்கிறார். அடுத்த வாரம் இன்னும் இருவரைக் கூட்டிப் போகிறாராம்; அதில் ஒருவர் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம்.