பட்டினி கிடப்பது ஆத்தா

அந்த ரீலை நேற்று ராத்திரியிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க ஊர்க் கோயில்தானே, பாருங்க" என்று. பார்த்தேன். திருச்சிப் பக்கத்துச் சமயபுரம் மாரியம்மன் கோயிலின் பச்சைப் பட்டினி விரதம் நம் முன்னோர் உடம்பைச் சுத்தம் செய்யக் கண்டுபிடித்த 28 நாள் 'டீடாக்ஸ்' என்கிறார் அந்தத் தம்பி. குடலுக்கு ஓய்வாம், எடையும் குறையுமாம். அவர் பேசும்போது பின்னால் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் பூத்தட்டு ஏந்திப் போகிறார்கள். திரும்பி அவர்களில் ஒருவரிடம் கேட்டிருக்கலாம், "எதுக்கும்மா விரதம் இருக்கீங்க?" என்று. கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சமயபுரத்தில் விரதம் இருப்பது அம்மன். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் ஆத்தா பட்டினியில் உட்காருகிறாள். பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. தளிகை இல்லை, பொங்கல் இல்லை. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர், வெள்ளரிப்பிஞ்சு, அவ்வளவுதான். ஊர் உலகத்தில் பக்தர்கள்தான் சாமிக்காகப் பட்டினி கிடப்பார்கள். இங்கே பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கச் சாமி பட்டினி கிடக்கிறாள். இதை விட்டுவிட்டு இந்த விரதத்தில் என்ன இருக்கிறது சொல்லுங்கள்? தட்டுத் தட்டாகப் பூ கொண்டுபோய்க் கொட்டுவதும் பசியோடு இருப்பவளைக் குளிர வைக்கத்தான். மூலவர் திருமேனி மூலிகையும் சுதையும் கொண்டது என்பதால் அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். மூலவருக்குப் பூதான் குளிர்ச்சி.

"அறிவியலாகச் சொன்னால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேட்கட்டும். ஆனால் எதைக் கேட்கிறார்கள்? அம்மனையே காணோமே அந்த ரீலில்! ஒன்றரை நிமிடத்தில் ஆத்தா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

அப்புறம் ரீலில் அவர் சொல்லும் அந்த "5,000 வருஷப் பழமை". எதற்கு இது? கண்ணனூருக்கு இருக்கிற வரலாறு போதாதா? சமயபுரம் இருக்கிற அந்தக் கண்ணனூர் மண் 13-ஆம் நூற்றாண்டில் போசளர்களின் (ஹொய்சாளர்களின்) தலைநகரம். போசள மன்னன் வீர சோமேசுவரன் இருந்த ஊர். போசளேசுவரம் கோயில் இன்றும் போஜீஸ்வரர் கோயில் என்ற பெயரில் அங்கேயே நிற்கிறது, மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறோம்? 1342-இல் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் மதுரை சுல்தானோடு மோதி வீழ்ந்ததும் இந்தக் கண்ணனூர்ப் போரில்தான். தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் தங்கை சமயபுரத்தாளுக்குச் சீர் அனுப்புகிறாரே, பட்டுப்புடவை, மாலை, மங்கலப் பொருளென்று, அந்த உறவைச் சொல்லலாமே. இதையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத ஆயிரங்களைச் சேர்த்தால்தான் நம் சாமிக்கு மரியாதையா?

"சிலை எப்படிப் பட்டினி கிடக்கும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம்பவில்லை என்று நேராகச் சொல்கிறார்கள். நம்புகிற மாதிரி வந்து, உள்ளே இருப்பதை உருவிவிட்டுப் போவதுதான் வலிக்கிறது.

எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, என்னைப் பாயில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். அம்மா அத்தனை நாளும் சோறு தொடவில்லை. நீர்மோரும் இளநீரும்தான். அப்பாயி திட்டியது: "நீயும் விழுந்துட்டா பிள்ளைய யாருடி பாக்குறது?" அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "ஆத்தாவே பச்சைப் பட்டினி கெடக்குறா அத்தை. எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?"

உடனே சொல்வீர்கள், அம்மைக்கு ஊசிதான் வேண்டும், பட்டினி இல்லை என்று. தெரியும். பெரியம்மையைத் தடுப்பூசிதான் ஒழித்தது, 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறேன். அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றும் வரை அம்மா கிடந்த பட்டினி என் அம்மையைக் குணப்படுத்தியது என்று நான் எப்போது சொன்னேன்? அது மருந்து இல்லை. அம்மாவுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை. டாக்டர் விரதமே கூடாது என்றார். மாசி பிறந்தால் எங்களுக்குத் தெரியாமல் தட்டை ஒதுக்கி வைப்பார். கண்டுபிடித்துக் கத்துவேன். ஒருமுறை ரொம்பக் கோபமாக, "பட்டினி கிடந்து என்னம்மா கிடைக்கப் போகுது உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். "எனக்கா?" என்று திருப்பிக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

எடை குறையும் என்று அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே சொல்லும்போது எனக்கு அந்த "எனக்கா?"தான் கேட்டது.

அந்த ரீலை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பங்குனிக் கடைசி ஞாயிறு ஆத்தாவுக்கு விரதம் முடிகிறது. அன்றைக்குச் சமயபுரத்தில்தான் இருப்பேன். அம்மா கொண்டுபோகும் அதே பித்தளைத் தட்டில் முல்லைப்பூவோடு.