ஓட்டுநர் அணைத்து வைக்கும் அந்த பட்டன்

கார் லேன் கோட்டைத் தாண்டாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிடும் லேன் அசிஸ்ட் உள்ள காரை வாங்கிவிட்டு, அந்த வசதியை அணைத்தே ஓட்டுபவர்களைப் பார்த்து, "புதுசு என்றாலே பயம்" என்று சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. தேவையில்லாத நேரத்தில் கத்துகிற கருவியை யார் நம்புவார்கள்?

லேன் கோட்டைப் படிப்பது முன்கண்ணாடியின் மேல்பகுதியில் இருக்கும் கேமரா. சாலை வேலைக்காகப் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டிருப்பார்கள். மழை ஈரத்தில் பழைய தடமும் சேர்ந்து மின்னும். கேமரா அதைப் பிடித்துக்கொண்டால் ஸ்டீயரிங் லேசாக இழுக்கும், ஓட்டுபவர் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். இண்டிகேட்டர் போடாமல் குழிக்கு விலகினாலும் இதே இழுப்புதான். இரண்டு முறை இப்படி நடந்தால் போதும், விரல் தானாகவே பட்டனுக்குப் போய்விடும்.

முன்வண்டியோடு இடைவெளி விட்டு வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸில் பிரச்சினை வேறு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் போகிறது. இடைவெளியை 2 நொடி என்று வைத்தால் முன்னால் 56 மீட்டர் காலி. அதில் யாராவது நுழைவார்கள், கார் பிரேக் போடும், எரிச்சல் வரும். உடனே இடைவெளியை ஆகக் குறைத்து வைப்பார்கள். அப்போது முன்வண்டி வேகம் குறைத்தால் நம் கார் கடைசி நேரத்தில் பிரேக் பிடிப்பதுபோலத் தெரியும், வயிற்றைக் கலக்கும். பழகும் வரை நீண்ட இடைவெளியே நல்லது. நெரிசலில் பயன்படுத்தவே வேண்டாம்.

க்ரூஸுக்காக முன்வண்டியைக் கண்டறியும் ரேடார்களில் பல, நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கண்டுகொள்ளாமல் விடலாம். பாலம், பெயர்ப்பலகை போன்ற அசையாத பொருட்களின் எதிரொலிக்கெல்லாம் பிரேக் போடக்கூடாது என்று வடிகட்டுவதால் வரும் குறை இது. கையேட்டில் இருக்கும், சாவி கொடுக்கும்போது சொல்லமாட்டார்கள். முன்பே தெரிந்தவர் பிரேக் மேல் கால் வைத்துத் தயாராக இருப்பார், தொடர்ந்து பயன்படுத்துவார். தெரியாதவருக்கு ஒரே நாளில் நம்பிக்கை போய்விடும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது சத்தமில்லாத கைவிடலில்தான். லேன் கோடு கேமராவுக்குத் தெரியாமல் போனதும் பல கார்களில் பச்சை ஐகான் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். ஓட்டுபவர் அது வேலை செய்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் ஸ்டீயரிங் அதிர வேண்டும், ஒலியும் வர வேண்டும்.

இன்னொன்று: முன்கண்ணாடி மாற்றினால் கேமராவுக்குக் கேலிபரேஷன், அதாவது அது பார்க்கும் திசையைச் சரிபார்த்துப் பொருத்தும் வேலை, செய்தார்களா என்று கேளுங்கள். ஒரு டிகிரி திரும்பியிருந்தாலே 50 மீட்டர் தூரத்தில் சுமார் 87 செ.மீ. தள்ளிக் காட்டும். லேன் அசிஸ்ட் திடீரென்று ஒரு பக்கமாகவே இழுக்கத் தொடங்கினால், பட்டனை அணைக்கும் முன் இதைப் பாருங்கள்.