பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள், தங்கச்சிகளே

பெரியபட்டினத்தில் எனக்குத் தூரத்து உறவில் ஒரு தங்கச்சி. அவள் மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் முதுகு டிஸ்க் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். துணைக்குக் கொழுந்தனை அனுப்புவதாக வீட்டில் பேசி முடித்தாயிற்றாம். "பொம்பளை அங்க போய் என்ன செய்வா?" என்றாராம் மாமனார். போனில் அழுதாள். பொம்பளை அங்கே போய் என்ன செய்வாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

2023-ல் என் மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, துபாயில் பைபாஸ் நடந்தது. வயது 46. நெஞ்சு வலித்த விஷயத்தை எனக்குச் சொன்னது அவர் இல்லை, அவர் ரூமில் இருக்கும் கமுதிக்காரத் தம்பி. இவரிடம் கேட்டால் "கேஸ்தான், ஒண்ணுமில்லை" என்று ஒரே பாட்டு. கடல் தாண்டிப் போன ஆம்பிளைகளுக்கு எல்லா வலியும் கேஸ்தான்!

எங்கள் கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து போகிறவர். எங்களுக்கு நிக்காஹ் ஆகி அப்போது பதினெட்டு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. கூட்டிப் பார்த்தேன், சேர்ந்து இருந்தது மொத்தம் ஒன்றரை வருடம்கூட வரவில்லை. அந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் நான் போயே தீருவது என்று முடிவு செய்தேன். மக்காவுக்கு உம்ரா போக எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. அது இல்லாவிட்டால் நானும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

"ஊருக்குக் கூட்டிட்டு வந்துருங்க, மதுரையில பாத்துக்கலாம்" என்று சொல்லாத ஆள் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவருடைய இன்சூரன்ஸ் செல்லுவது அங்கே. நெஞ்சைத் திறந்த டாக்டர் இருப்பதும் அங்கே. அந்த நாட்டுச் சட்டப்படி வேலையில் நிரந்தரமானவருக்கு வருடத்துக்கு 90 நாள் வரை நோய் விடுப்பு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம், மிச்சத்துக்குச் சம்பளம் கிடையாது. இது எனக்குப் போய்த்தான் தெரிந்தது. மச்சானுக்கோ அங்கேயே இருந்தும் தெரியவில்லை. பத்தாம் நாள் வேலைக்குக் கிளம்பப் பார்த்தார்.

பெரிய பாடு தங்குகிற இடம்தான். எட்டு ஆண்கள் ஆளுக்கொரு கட்டிலை வாடகைக்கு எடுத்திருக்கும் பெட் ஸ்பேஸில் நான் எங்கே இருப்பது? கடைசியில் துபாயின் தேரா பகுதியில் எங்கள் ஊர் லாத்தா (அக்கா) ஒருவர் தன் பிள்ளைகளை ஹாலில் படுக்கவைத்துவிட்டு எங்களுக்கு ஒரு அறையைக் கொடுத்தார். அந்தக் கடனை எப்படி அடைப்பேன் என்று தெரியவில்லை.

பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தா முடியாது, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. இரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கும், அதை உயர்த்தி வைக்க வேண்டும். மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "நல்லா ஊதுங்க காக்கா" என்றார்கள் (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்). அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததை நான் பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

பார்க்க வருபவர்களைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பதினான்கு பேர், கையில் பிரியாணி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இதே பைபாஸில் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த தங்கள் சாச்சாவின் கதையை விரிவாகச் சொல்வார்கள்.

சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னதும் மனுஷன் தட்டைத் தள்ளினார். கருவாட்டிலேயே வளர்ந்த நாக்கு அல்லவா? அங்கே மீன் மார்க்கெட்டில் ஷேரி என்று விற்பது நம்ம விளமீன் சாதிதான். அதை வாங்கி, உப்புக்குப் பதில் புளியையும் மிளகையும் கூட்டி ஆணம் (குழம்பு) வைத்தேன். மூன்றாம் நாள்தான் வாய் திறந்து "இன்னும் கொஞ்சம்" என்றார். இடையில் ஒரு எச்சரிக்கை: மாமி அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா இருந்தது. கிளம்பும் முன்பே உம்மா கண்டுபிடித்து எடுத்து வைத்துவிட்டார். அந்த நாட்டில் கசகசாவுக்குத் தடை, ஜெயில் வரைக்கும் போகும்.

இதெல்லாம் கொழுந்தனும் செய்வான். நல்ல பிள்ளை, மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பான். ஆனால் இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, சுபுஹுக்கு ரொம்ப நேரம் முன்னால், மச்சான் எழுந்து உட்கார்ந்து அழுதார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பைபாஸுக்குப் பிறகு பலருக்கு மனசு இப்படித் தளரும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். தம்பி பக்கத்தில் இருந்திருந்தால் அவர் அழுதிருக்க மாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். என்னிடம்கூட மறுநாள் "தூசி" என்றார்.

நானும் பொறுமையின் சிகரம் ஒன்றும் இல்லை. மூணு ஸ்பூன் சீனி போட்டு டீ குடிப்பார், லைட்டை அணைத்தால் தூங்க மாட்டார் என்பதெல்லாம் அங்கே போய்த்தான் தெரிந்தது. சீனிக்காக ஒரு நாள் கத்திவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்து அழுதேன். ஊரிலாவது பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்காரலாம். அங்கே அந்தக் குழாய்தான்.

விசா அறுபது நாள். நாங்கள் தொடர்ந்து ஒன்றாக இருந்ததிலேயே அதுதான் அதிகம். நெஞ்சைப் பிளந்துதான் அதை வாங்க வேண்டியிருந்தது.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் பாஸ்போர்ட் இருக்கா என்று கேட்டேன். இல்லையாம். மாப்பிள்ளை பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறார், இவளுக்கு ஒரு பாஸ்போர்ட் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தட்கலில் போடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே பெரியபட்டினம் போகிறேன், அந்த மாமனாரிடம் பேச. கையில் எங்கள் ஊர் இனிப்பு, தொதல், இரண்டு கிலோ கொண்டுபோவேன்.