சமன் குறி என்ன பாவம் செய்தது?

நேற்றிரவு திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேசையில் நடந்ததை எழுதாமல் எனக்கு நித்திரை வராது. தங்கச்சி உயர்தரத்துக்கு ஐசிடி, அதாவது தகவல் தொழில்நுட்பம், படிக்கிறாள், தமிழ் மொழிமூலம். பைதன் என்கிற நிரல் மொழியில் மாணவர் பதிவு ஒன்று செய்யச் சொல்லியிருந்தார்கள். பெயர், வயது, வகுப்பு. வகுப்புக்கு 'கிளாஸ்' என்று ஒரு மாறி, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கிற பெயர், வைத்து, சமன் குறி போட்டு, 12 என்று எழுதினாள்.

'இன்வாலிட் சின்டாக்ஸ்', எழுதிய விதம் பிழை என்று வந்தது. கீழே ஒரு சின்னக் குறி. அது எதைக் காட்டியது? கிளாஸை இல்லை. சமன் குறியை!

பிள்ளை என்ன செய்யும்? சமன் குறியை அழித்துத் திரும்பப் போட்டாள். அதே பிழை. இடைவெளி விட்டாள், எடுத்தாள். இரண்டு சமன் குறி போட்டாள். 12ஐ மேற்கோளுக்குள் வைத்தாள். பெயர் வரியில் ஒழுங்காக வேலை செய்த சமன் குறியையே கொப்பி பண்ணி ஒட்டினாள். அதே பிழை! நாற்பது நிமிஷம். கடைசியில் கண் கலங்கி, "அண்ணா, எனக்கு இது சரிவராது, பாடத்தை மாத்தட்டா?" என்றாள்.

பைதன் தன் சொந்த வேலைக்கென்று ஒதுக்கிய சொற்கள் 35. 'கிளாஸ்' அதில் ஒன்று. அவற்றை மாறிக்குப் பெயராக வைக்க முடியாது. சரி, ஒரு மொழிக்கு அது வேண்டும். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல வேண்டாமா? 'ட்ரூ'வும் அந்த 35இல் ஒன்றுதான். அதற்குச் சமன் போட்டால் மட்டும் 'ட்ரூவுக்கு மதிப்புக் கொடுக்க முடியாது' என்று தெளிவாகச் சொல்லத் தெரிகிறதே! கிளாஸுக்கு ஏன் அந்த ஒரு வரி இல்லை? சொல்லின் நிறம் மாறுகிறதே, பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். முதல் மாதம் படிக்கிற பிள்ளைக்கு எல்லா நிறமும் ஒன்றுதான்.

இதை முடித்து, புள்ளிகளைக் கூட்ட 'சம்' என்று ஒரு மாறி வைத்தாள். அது ஒதுக்கிய சொல் இல்லை, மொழியோடு வருகிற, கூப்பிட்டால் கூட்டித் தருகிற செயற்கூறின் பெயர். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பத்து வரி தள்ளி அதே 'சம்'மை உண்மையிலேயே கூட்டச் சொன்னபோது, அது இப்போது வெறும் எண் என்பதால், இது கூப்பிடக்கூடியது இல்லை என்று விழுந்தது. எச்சரிக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் இல்லை!

இந்த எரிச்சலோடு காலையில் கோட்டை வாசல் பக்கம் நடக்கப் போனால், ஒரு மான் லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நிற்கிறது. சோற்றுப் பார்சல் தின்றவருக்கு அதைக் கையோடு கொண்டுபோக என்ன பாரம்? பாதியை இழுத்தெடுத்தேன். மீதியை அது விழுங்கிவிட்டது.