தேன்சிட்டுக்குச் சிவப்புச் சாயம் வேண்டாம்

அக்கா, "சீனித் தண்ணீரில் சிவப்பு கலர் போட்டால்தான் தேன்சிட்டு வரும், கொஞ்சம் தேனும் சேருங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம், தயவுசெய்து.

பூவில் ஊறும் தேன் பெரும்பாலும் நிறமற்றது. குருவியின் கண்ணை இழுப்பது பூவின் நிறம்தான். அதனால் சீனித் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் புட்டியின் மூடியோ குழாய் வாயோ சிவப்பாக இருந்தால் போதும். சாயத்தை அது குடிக்க வேண்டியதில்லை. தேன் கலந்த தண்ணீர் சீக்கிரம் புளிக்கும், பூஞ்சை பிடிக்கும். அது பறவைக்கு நோய். நாட்டுச் சர்க்கரையும் சரிப்படாது. சாதாரண வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு புட்டி தொங்குகிறது. டர்பன் வெயிலும் புழுக்கமும் உங்களுக்குத் தெரியும். இங்கே கோடையான டிசம்பர், ஜனவரியில் தினமும் தண்ணீரை மாற்றுகிறேன், மீதியை ஊற்றிவிடுவேன். வெந்நீர் விட்டு, புட்டி பிரஷ்ஷால் உள்ளே கழுத்துவரை தேய்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் வினிகரில் ஊறவைத்து, வாடை போக அலசுங்கள்.

அப்புறம், உட்கார ஒரு குச்சி இருக்கும் புட்டியாக வாங்குங்கள். அமெரிக்க ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். நம் தேன்சிட்டு பெரும்பாலும் உட்கார்ந்துதான் குடிக்கும்.

இடம் இருந்தால் ஒரு கற்றாழையும் நடுங்கள். இங்கே பல வகை குளிர்காலத்தில் பூக்கும். பூவுக்கு வரும் பூச்சி, சிலந்தியையும் தேன்சிட்டு பிடித்துத் தின்னும். குஞ்சுக்கு அதுதான் முக்கியம், சீனித் தண்ணீர் அல்ல.