போலீஸ் வருது, குனிஞ்சுக்கோ

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 'மை நெய்பர் டோட்டோரோ' என்கிற ஜப்பானிய அனிமேஷன் படம் போட்டோம். எட்டாவது நிமிடத்திலேயே மச்சான் எழுந்துவிட்டார். "இன்னும் வீட்டுச் சாமானே இறக்கி முடிக்கல மாப்ளே, பூதம் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு அம்மாப்பேட்டைப் பக்கம் தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பிவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். 1988இல் ஹயாவோ மியாசாகி எடுத்த இந்தப் படம் மொத்தமே 86 நிமிடம். அதில் டோட்டோரோ என்கிற அந்தப் பூதம் கதைக்குள் தலைகாட்டவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகிறது. அதுவரை ஒரு அப்பாவும் இரண்டு மகள்களும் வீடு மாறுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அந்த முதல் சில நிமிடங்கள்தான் படம்.

எழுத்துகள் ஓடும்போது ஒரு சின்னப் பெண் கையை வீசி வீசி நடக்கிறாள். அது முடிந்ததும் வயல்களுக்கு நடுவே ஒரு மூன்று சக்கர லாரி. பின்னால் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன, அவற்றுக்கு நடுவே ஒரு மேசைக்கடியில் சாட்சுகியும் தங்கை மேயும் உட்கார்ந்து மிட்டாய் தின்கிறார்கள். அக்காக்காரி எட்டி, முன்னால் டிரைவர் பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கும் ஒன்று நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொண்டு, "களைப்பா இருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறாள். கதை என்று பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த என் மகள் உடனே கேட்டாள்: "அவங்க அம்மா எங்கப்பா?"

எல்லாருக்கும் மிட்டாய் பங்கு வைப்பது நம் வீடுகளில் யார் வேலை? அந்த வேலையை இங்கே அக்காக்காரி செய்கிறாள். அம்மா மருத்துவமனையில் இருப்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. அம்மா இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஒரு மிட்டாய் சொல்லிவிட்டது. எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்த மச்சானுக்கு அது படவில்லை. ஏழு வயதுக்காரிக்குப் பட்டது.

அதற்கடுத்து வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடம். எதிரே சைக்கிளில் ஒருவர் வருகிறார். சாட்சுகி போலீஸ் என்று நினைத்து "மே, ஒளிஞ்சுக்கோ" என்கிறாள். இரண்டும் மேசைக்கடியில் பதுங்குகின்றன. வண்டி அவரைத் தாண்டுகிறது. எட்டிப் பார்த்தால் போலீஸ் இல்லை! உடனே அவருக்குக் கை காட்டுகிறார்கள். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் படம் முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப நடக்கப்போகிறது. பயப்படுவது, பதுங்குவது, எட்டிப் பார்ப்பது, அப்புறம் கை காட்டுவது.

புது வீட்டுக்குப் போனதும் பாருங்கள். தூண் இற்றுப்போய் ஆடுகிறது. இரண்டும் பயப்படாமல் அதைப் பிடித்து இன்னும் ஆட்டுகின்றன. பின்கதவைத் திறந்தால் கறுப்பாக ஏதோ சிதறி ஓடுகிறது. திகைத்து நின்றுவிட்டு, அப்புறம் வாயைப் பிளந்து அதைப் பார்த்துக் கத்துகிறார்கள். வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டுக்குள் வந்தால் கண்ணுக்கு அப்படித் தெரியும் என்கிறார் அப்பா. பக்கத்து வீட்டுப் பாட்டியோ, சின்ன வயதில் எனக்கும் அது தெரியும் என்கிறார். இரண்டு பதிலும் படத்தில் அப்படியே இருக்கின்றன, யார் சொன்னது சரி என்று படம் தீர்ப்பு சொல்வதில்லை. இவ்வளவுக்கும் பிறகு பூதம் வரும்போது அதன் வயிற்றின் மேல் மே படுத்துத் தூங்கினால் நமக்கு அதிசயமாகவே இல்லை. அம்மாவின் நோய் ஒன்றுதான் எட்டிப் பார்த்துக் கை காட்டினால் போகிற பயமில்லை. அதனால்தான் அது அடிக்கிறது.

குழந்தைகளுக்கான மாயாஜாலப் படம் என்றாலே இப்போது ஒரு கரகரத்த குரலில் ஆரம்பிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ராஜ்ஜியம், ஒரு கல், ஒரு சாபம். பிள்ளைகள் கதைக்குள் நுழைவதற்குள் வரலாற்றுப் பாடம் நடத்திவிடுகிறார்கள். நம் பாட்டிகள் இப்படியா சொன்னார்கள்? காக்கா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காக்காவும் நரியும் பேசும் கதைதான், ஆனால் முதலில் அடுப்பு, எண்ணெய், வடை. வடை வாசம் மூக்கில் ஏறிய பிறகு நரி பேசினால் என்ன, பாடினால் என்ன?

சரி, எனக்கு ஏன் இந்தக் காட்சி இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எனக்கு ஆறு வயது, அக்காவுக்கு ஒன்பது. அப்பாவுக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு வேலை கிடைத்தது. சேலத்திலிருந்து ஒரு மெட்டடாரில் சாமான் ஏற்றினோம். அம்மாவும் அப்பாவும் டிரைவர் பக்கத்தில். நாங்கள் இருவரும் பின்னால், மர பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் இடையில். வாந்தி வராமலிருக்க முகர்ந்துகொண்டே வரச் சொல்லி அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தார். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது, இங்கதான் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தாங்க என்று அப்பா முன்னாலிருந்து கத்திச் சொன்னார். (1956இல் வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அந்த வளைவைத் தாண்டிய போதெல்லாம் இதைச் சொல்வார்.) அடிவாரம் செக்போஸ்ட் வந்ததும் டிரைவர், "கண்ணுங்களா, போலீஸ் நிக்குது, தலையக் குனிஞ்சுக்குங்க" என்றார். அக்கா என்னைத் தையல் மிஷினுக்கடியில் தள்ளி மேலே போர்வையைப் போட்டாள். கால் மிதிக்கிற பலகையின் இரும்புப் பூ கன்னத்தில் பதிந்து வலித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் இருபது. ஒவ்வொன்றுக்கும் சாமானோடு நாங்களும் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சரிந்தோம். மேலே போகப் போக சவுக்கு மரங்களா சில்வர் ஓக்கா என்று தெரியாத உயரமான மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி, நடுவே பனி. அந்த வயதில் அதற்குள்ளிருந்து பூதம் வந்திருந்தால் நான் வழிவிட்டு நின்றிருப்பேன். ஏன் வந்தாய் என்று கேட்டிருக்க மாட்டேன்.

சாட்சுகி குனியச் சொன்ன நொடியில் என் கன்னம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. படம் முடிந்ததும் அக்காவுக்கு போன் போட்டேன். அடிவாரத்துப் போலீஸ் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"போலீஸா? அது ஃபாரஸ்ட் வாட்சர்டா. நான் போர்வைக்கு வெளிய எட்டிப் பார்த்தேனே. டீ குடிச்சுட்டு நின்னாரு, நம்ம பக்கம் திரும்பவே இல்ல."

"அப்புறம் ஏன் என்னை எழுப்பல?"

"எழுந்தா நீ வாந்தி எடுப்ப. அதுவுமில்லாம, முகந்து பாக்கக் குடுத்த எலுமிச்சம்பழத்தக் கடிச்சுத் தின்னுட்டு உள்ள படுத்திருந்த" என்றாள்.